தறி மேல் சத்தியம்

அத்தியாயம் 17

போன வாரம் சடையப்பன் கையில் செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதில் அப்படி என்னதான் போட்டிருந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு துணியின் வயது போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து சடையப்பன் தறியில் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர் மகள் சாவித்திரி கண் விழித்தபோது வீடு சத்தமில்லாமல் கிடந்தது. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. நாமம் போட்டவர்கள் செம்பைத் தூக்கிக்கொண்டு கோவிந்தா போட்டபடி தெருவில் போனார்கள். அக்கம்பக்கத்துத் தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆரணியில் தறியை நிறுத்துகிறவன் ஒன்று படுக்கையில் விழுந்திருக்க வேண்டும், இல்லை புத்தி பேதலித்திருக்க வேண்டும். சடையப்பன் இரண்டும் இல்லை. குழித்தறிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

தறியில் இருந்தது சாவித்திரியின் கல்யாணப் புடவை. சந்தன நிற உடல், அரக்குக் கரை. கரைக்கு ஒரு நிறமும் உடலுக்கு ஒரு நிறமுமாகக் கோர்வை போடுவதால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் இருந்து நூல் ஓடும் நாடாவை வீச வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் சாவித்திரியின் அம்மா கெங்கம்மாள். இன்னும் ஒன்றரை முழம் நெய்தால் புடவை முடிந்துவிடும்.

"நைனா, ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன்."

"அப்ப இன்னாத்துக்கு இப்டி குந்திகினு கீற?"

கெங்கம்மாள் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"ரெண்டு தபா கூப்ட்டேன். குழியில கால் வைக்கக் கூடாதாம். சத்தியம் குறுக்க நிக்குதாம்."

நாளை ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் சாவித்திரியின் கல்யாணத்துக்கு மூன்றாவது ஓலை வாசிக்கிற நாள்.

வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். அதற்குத்தான் ஓலை என்று பெயர். இரண்டு ஓலை சுகமாக வாசித்தாகிவிட்டது. "ஆரணி சூசை சடையப்பன் மகள் செசிலி சாவித்திரிக்கும், வந்தவாசி இருதயநாதனுக்கும்" என்று சாமியார் படித்தபோது, சூசை யார், செசிலி யார் என்று ஒரு கணம் சாவித்திரிக்கே குழம்பியது. கோயில் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அந்தப் பெயர்கள் வழங்குவதில்லை.

இருதயநாதன் வந்தவாசி தபாலாபீசில் வேலை பார்ப்பவன், தினமும் ஆரணிக்கு வந்து தபால் மூட்டையை எடுத்துப் போகிறவன். அவள் வந்தவாசிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் பேசாமலேயே போய், மூன்றாம் வருஷம் பேசியதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அவன் அம்மா அருளாயி நான்கு தலைமுறை வேதக்காரி. இந்தச் சம்பந்தத்துக்கு அவள் லேசில் சம்மதிக்கவில்லை. "புதுசா வந்தவங்க ஒரு காத்தடிச்சா நிப்பாங்களா" என்று கேட்டவள். மூன்றாவது ஓலையைக் காதால் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று இன்று சாயங்கால பஸ்ஸில் அவளே வருகிறாள்.

காற்று சரியாக இன்று பார்த்து அடிக்கிறது.

துணிக் கதைக்கு வருகிறேன். இத்தாலியில் டூரின் என்று ஒரு பட்டணம். அங்கே கோயிலில் பத்து முழ நீளத்துக்கு ஒரு பழைய துணி இருக்கிறது. ஏசுநாதரை அடக்கம் பண்ணும்போது சுற்றிய துணி அதுதான் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர். சிலுவைக் காயங்களோடு ஒரு மனிதரின் முகமும் உடம்பும் அதில் மங்கலாகத் தெரியும். எழுபத்தெட்டாம் வருஷம் அதை ஜனங்கள் தரிசிக்க வெளியே எடுத்து வைத்தார்கள். எல்லாப் பத்திரிகையிலும் அதே பேச்சு. ஆரணிக் கோயிலில் அதன் பெரிய புகைப்படம் ஒன்று அதற்கு முன்பிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது.

சடையப்பன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கி அப்போது ஆறு மாதம். தெருவில் தலைகாட்ட முடியவில்லை. அதிலும் அவருடைய தம்பி தங்கவேலு கருப்புச் சட்டைக்காரர். சாமி என்கிற பேச்சை எடுத்தாலே சண்டைக்கு வருவார். வேடியப்பன் டீக்கடையில் அத்தனை பேர் நடுவில் அண்ணனை நிறுத்திக் கேட்டார்.

"எதுக்குப் போன? கோதும மாவுக்கா, பால் பவுடருக்கா?"

அந்தக் கேள்விக்குச் சடையப்பன் சொன்ன பதில்தான் இன்றைக்கு வினையாக வந்து நிற்கிறது. துணியைப் பார்த்துப் போனேன் என்றார். புகைப்படத்தில் அந்த நெசவைப் பார்த்தேன், மீன் முள் மாதிரி சாய்ந்து சாய்ந்து வருகிறது, இது இரண்டாயிரம் வருஷத்து நெசவு, தறிக்காரன் சொல்கிறேன் என்றார். தங்கவேலு சிரித்தார். சடையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. டீக்கடைக் கூட்டத்தையே வீட்டுக்கு இழுத்து வந்து, தறிக்கட்டையில் கையை ஓங்கி அடித்தார்.

"இந்தத் துணி பொய்யின்னு எவனாவது ருசுப் பண்ணட்டும். அன்னிக்கே வேதத்த வுட்டுட்டு, என் தம்பி எங்க கூப்டுறானோ அங்க போறேன்."

அந்தத் தெருவில் கடவுள் மேல் சத்தியம் பண்ணிவிட்டு மறந்து போகலாம். கடவுள் பெரிய மனதுக்காரர். தறி மேல் பண்ணினால் மறக்க முடியாது. பொய்ச் சத்தியக்காரன் குழியில் இறங்கினால் பாவு நூல் நிற்காது, அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள்.

பத்து வருஷம் கழித்து ருசு வந்துவிட்டது. மூன்று தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் அந்தத் துணியில் தபால்தலை அளவுக்குத் துண்டு வாங்கித் தனித்தனியாகச் சோதித்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே விடை. துணிக்கு வயது அறுநூறுக்கு மேல், எழுநூற்று முப்பதுக்குள். அதை ஊருக்குச் சொன்னவர் டூரின் பட்டணத்துக் கோயில்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாரேதான்.

"நாளைக்குக் கோயிலுக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க," என்றார் சடையப்பன். "நான் வர்ல."

"நைனா, ஓலை வாசிக்கறப்போ நீ நிக்கலன்னா அருளாயி அம்மா சும்மா இருப்பாங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"சொன்ன சொல்ல வுட்டுட்டு நின்னா மட்டும் இன்னா கண்ணு மதிப்பு? அந்தம்மாவே கேக்கும், வாக்கு தவறனவன் வூட்ல பொண்ணு எடுக்கறியாடான்னு."

சாவித்திரி அப்பாவின் மேல் கோபப்பட முயன்று பார்த்தாள், முடியவில்லை. இந்த மனிதரை அவளுக்குப் பிடித்ததே இதற்காகத்தான்.

பத்து மணிக்கு உபதேசியார் வந்தார். கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடி எல்லாம் அவர்தான். ஜெபம் சொல்லிக் கொடுப்பதிலிருந்து மணி அடிப்பது வரை. அறுபது வயதுக்கு மேல் ஆகியும் மழையோ வெயிலோ நடந்தேதான் வருவார். வந்ததும் மோர் வாங்கிக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சூசை, பேப்பர்காரன் எழுதறத எல்லாம் மனசுல போட்டுக்காத. நடுவுல ஒருக்கா அந்தத் துணி தீயில மாட்டிக்கிச்சாம். அதுல வயசு மாறியிருக்கும்னு சில பேர் சொல்றாங்க."

"சில பேர் சொல்லுவாங்க உபதேசியாரே. மூணு பேர் மூணு ஊர்ல குந்திகினு அளந்து ஒரே அளவு சொல்றான். அளவுன்னா அளவுதான். எனக்கு வேண்டாததா போச்சுன்னு கஜக்கோல ஒடைக்க முடியுமா?"

உபதேசியார் சிரித்துவிட்டார். "சரி, வேற மாதிரி சொல்றேன். துணிய நம்புன்னு திருச்சபை எப்பவாச்சும் சொல்லிச்சா? ஞானஸ்நானம் குடுக்கறப்ப துணியப் பத்தி ஒரு கேள்வி கேட்டமா? நம்ம விசுவாசம் துணியில இல்ல."

"உங்க விசுவாசம் துணியில இல்ல. என் சத்தியம் துணி மேல கீதே."

உபதேசியார் எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது கெங்கம்மாளிடம் மெதுவாக, "அவன் தம்பி மனசு வச்சாத்தான்," என்றார். சாவித்திரியின் காதில் அது விழுந்தது.

தங்கவேலுவின் சாயப்பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அண்ணனோடு தறியில் உட்கார்ந்தவர், சண்டைக்குப் பிறகு சாயத் தொழிலுக்குப் போய்விட்டார். அவருக்கு எந்த நாளும் கை ஒரு நிறம், கால் ஒரு நிறம். இன்றைக்கு முழங்கை வரை பச்சை. கொதிக்கிற அண்டாவில் பட்டு நூல் சிட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அண்ணன் மகளைப் பார்த்ததும் கோலைக் கீழே வைத்தார்.

"வா கண்ணு. துன்னியா?"

"துன்னேன் சித்தப்பா. பேப்பர் பாத்தியா?"

"பாத்தியாவா? நாலு காப்பி வாங்கிகினேன். ஒண்ணுல சிவப்பு மையில கோடு போட்டு வேடியப்பன் கடையில ஒட்டியாச்சு."

ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சந்தோஷம். தங்கவேலுவுக்கு இந்தப் பேப்பர் வந்த வெள்ளிக்கிழமைதான் தீபாவளி.

"சித்தப்பா, நைனாவோட சத்தியத்த நீ திருப்பிக் குடுத்துடு. எனக்காக."

"சத்தியம் இன்னா வாடக சைக்கிளா, திருப்பிக் குடுக்க?"

"நாளைக்கு அவரு கோயிலுக்கு வர மாட்டாராம். கல்யாணம் நின்னுடும்."

"இன்னாத்துக்கு நிக்கணும்? மாலை மாத்தி தமிழ்ல ரெண்டு வார்த்த சொல்லி நான் நடத்தி வைக்கிறேன். அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், ஜல்தி."

"அருளாயி அம்மா ஒத்துக்குவாங்களா?"

தங்கவேலு கோலை எடுத்து அண்டாவைக் கிளறினார். அருளாயியை அவரும் ஒரு முறை பார்த்திருக்கிறார்.

சாவித்திரி அழக்கூடாது என்றுதான் வந்தாள். அழுதுவிட்டாள். தங்கவேலு பதறிப் போய்ப் பச்சைக் கையால் அவள் தலையைத் தொட வந்து, கையைப் பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கல் மேல் உட்கார்ந்தார். பிறகு அவர் பேசியது வேறு குரலில் இருந்தது.

"கண்ணு, எனக்கு வேதக்காரங்க மேல கோவம் இல்ல. உங்க நைனா மேலதான். கோதும மாவுக்குப் போனியான்னு நான் கேட்டது தப்பு. ஒத்துக்கறேன். அதுக்கு அவன் இன்னா சொல்லியிருக்கணும்? ஏன் போனான்னு நிஜத்த சொல்லியிருக்கணும். துணியப் பாத்துப் போனேன்றான். யாராண்ட? என்னாண்ட. ஒரே தறியில எதிரும் புதிருமா குந்தி பதினாலு வருசம் கோர்வ போட்டவன் நான். நெசவப் பாத்து வயசு சொல்ல முடியாதுன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்க தாத்தா நெய்ஞ்ச கட்டத்த நானும்தான் நெய்ஞ்சேன். அத வச்சி என் பொடவைக்கு எண்பது வயசுன்னு சொல்லுவியா?"

சாவித்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நைனா பொய் சொன்னாருன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும். எதுக்கு சொன்னான்னுதான் தெர்ல. பத்து வருசமா அதான் பேஜாரு. அவன் மறச்சது எதுவோ ஒண்ணு கீது. நாலு மணிக்கு வேடியப்பன் கடையில இருப்பேன். அவன வரச் சொல்லு. அத சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம் சத்தியத்த."

வீட்டுக்கு வந்து சாவித்திரி ஒன்று விடாமல் சொன்னாள். சடையப்பன் தலை நிமிராமல் கேட்டார். நெசவில் வயது தெரியாது என்று தம்பிக்குத் தெரியும் என்கிற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"அப்டியா சொன்னான்?"

"ஆமா நைனா. அது நெஜமா?"

அவர் கெங்கம்மாளைப் பார்த்தார். கெங்கம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் முறத்தைப் பார்க்கவும் இல்லை.

"சொல்லிடுங்க," என்றாள். "பதினோரு வருசமா வயித்துல வச்சிகினு கீறீங்க. எனக்கும் பாரமாத்தான் கீது."

"சொன்னா அவனுக்கு வலிக்குமே கெங்கா."

"சொல்லாததுல அவனுக்கு வலிக்கலன்னு நெனச்சிகினு கீறீங்களா?"

சடையப்பன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

வேடியப்பன் கடையில் நாலு மணிக்குக் கூட்டம் இருக்கும். அன்றைக்கு வழக்கத்தை விட ஜாஸ்தி. சாயங்காலப் பஜ்ஜிக்காக வந்தவர்கள் பாதி, வேடிக்கைக்காக வந்தவர்கள் பாதி. சிவப்புக் கோடு போட்ட செய்தித்தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே பெஞ்சில் தங்கவேலு உட்கார்ந்திருந்தார். சடையப்பன் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். சாவித்திரியும் கெங்கம்மாளும் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டார்கள்.

"சடையா, டீ போடட்டா?" என்றான் வேடியப்பன். அவனுக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரியாது.

"அப்பறம் போடு." சடையப்பன் சுவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "தங்கவேலு, பேப்பர்ல போட்டது சரி. அந்தத் துணி ரெண்டாயிரம் வருசத்துத் துணி இல்ல. நான் சொன்னது தப்பு. இத்தன பேர் முன்னாலதான் சொன்னேன், இத்தன பேர் முன்னாலயே ஒத்துக்கறேன்."

கூட்டத்தில் யாரோ கையைத் தட்டினார்கள். தங்கவேலு திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நின்றுவிட்டது.

"அது தெரிஞ்ச கதைதான்," என்றார் தங்கவேலு. "எதுக்கு சொன்னே? அத சொல்லு."

"கார்த்திகை மாசம், எழுபத்தேழுல, ஆத்துல வெள்ளம் வந்திச்சே, ஞாபகம் கீதா?"

"கீது."

"உங்க அண்ணிக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்து இருவது நாளு. தெருவுல வாந்தி பேதி. பெரியவ சாவித்திரிய அவ தாய் மாமன் கூட படவேட்டுக்கு அனுப்பிட்டோம். நீ கலசப்பாக்கத்துக்கு மாநாட்டு வேலைக்குப் போயிட்ட. கொயந்தைக்கும் வந்துடுச்சி. உனக்கு ஆள் அனுப்பினேன்."

"காச்சல்னு சொன்னான்," என்றார் தங்கவேலு. அவர் குரல் இறங்கியிருந்தது. "வெறுங் காச்சல்னுதான் சொன்னான். மாநாடு முடிஞ்சி வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ரோட்ட தண்ணி அடிச்சிகினு போயிடுச்சி. மூணாம் நாள்தான் வர முடிஞ்சிது."

"தெரியும். நான் உன்ன குத்தம் சொல்லல. ரெண்டாம் நாள் விடிகாலையில கொயந்த போயிடுச்சி. மழைன்னா மழை. ஒரு வூட்டுக் கதவு தெறக்கல. இங்க நிக்கறவங்களையும் நான் குத்தம் சொல்லல, அவங்கவங்க வூட்லயும் புள்ளைங்க இருந்திச்சி. நான் கொயந்தைய கைல வச்சிகினு வாசல்ல நின்னேன். குழி தோண்ட ஆள் இல்ல. எனக்கு ஒடம்புல தெம்பில்ல, எனக்கும் பேதி."

வேடியப்பன் ஸ்டவ்வின் காற்றை இறக்கினான்.

"அப்ப உபதேசியார் வந்தாரு. கூட ரெண்டு கன்னியாஸ்திரீங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் அதுக்கு முந்தி ஒரு பேச்சு வார்த்த கெடயாது. யார் வூடு, இன்னா சாமி, ஒண்ணியும் கேக்கல. அந்த அம்மா ஒருத்தங்க உங்க அண்ணிய மடியில போட்டுகினு ஒக்காந்துகினாங்க. உபதேசியார் மம்முட்டிய தூக்கிகினு வந்தாரு. அவங்க கல்லறையிலயே எடம் குடுத்தாரு. தோண்டத் தோண்ட குழியில தண்ணி ஊறுது. கொயந்தைய தண்ணியில வைக்கக் கூடாதுன்னு அந்த மனுசன் உள்ள எறங்கி ரெண்டு கையால மொண்டு மொண்டு வெளிய ஊத்தறாரு. ஒரு மணி நேரம். வேதம் பேசல, ஜெபம் சொல்லல. தண்ணிய ஊத்திகினே இருந்தாரு. நான் அன்னிக்குப் போனவன்தான் தங்கவேலு. ஞானஸ்நானம் எல்லாம் பின்னால."

தங்கவேலுவின் பச்சைக் கைகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அன்னிக்குக் கேட்டப்போ எங்கியோ பொதச்சிட்டேன்னுதான சொன்ன? இத என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"எப்டி சொல்லுவேன்? நீ இத்தன பேர் நடுவுல ஏன் போனேன்னு கேட்ட. கொயந்தைக்குக் குழி தோண்ட வந்தாங்க, அதனால போனேன்னா, நீ வர்லன்னு சொன்ன மாதிரிதான? தம்பிய தெருவுல வச்சி அப்டி கேக்க எனக்கு மனசு வர்ல. அந்த சமயம் எல்லாரும் துணி துணின்னு பேசிகினு இருந்தாங்க. தறிக்காரன் துணியப் பத்தி சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்கன்னு வாய்ல வந்தத சொல்ட்டேன். சொன்னது பொய்யா போச்சு. சத்தியம் பொய்யில்ல. நீ எங்க கூப்டாலும் வர்றேன்னு சொன்னேன். சொல்லு, வர்றேன்."

இப்படி ஒரு தங்கை இருந்து போனாள் என்று மட்டும்தான் சாவித்திரிக்குத் தெரியும். அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால், பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து வருகிற வழியில், ஒயர் கூடையும் குடையுமாக அருளாயி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சாவித்திரியோடு கண் சந்தித்ததும், பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பாமல், கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவர்கள் வீடு இருக்கிற திசையில் நடந்தாள். கெங்கம்மாள் பதறிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

சாவித்திரியும் போயிருக்க வேண்டும். சித்தப்பாவின் பதிலுக்காக நின்றாள்.

பத்து வருஷம் காத்திருந்த வெற்றி தங்கவேலுவின் தலைக்கு மேல் சுவரில் ஒட்டியிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தார். அண்ணனுக்கு எதிரில் வந்து நின்றார்.

"நான் எங்க கூப்டாலும் வரணும். அதான சத்தியம்?"

"அதான்."

"அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

"நாளைக்குக் காலைல பூசை எத்தன மணிக்கு?"

சடையப்பனுக்குப் புரியவில்லை. "ஆறரைக்கு."

"ஆறரைக்குக் கோயிலுக்கு வா. நம்ம பொண்ணுக்கு ஓலை வாசிக்கறப்போ நீ உள்ள நிக்கணும். அதான் நான் கூப்டற எடம்."

கூட்டத்தில் ஒருவன், "அப்ப வேதத்த வுடறேன்னு சொன்னது?" என்று ஆரம்பித்தான். தங்கவேலு அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"துணி பொய்யின்னா வுடறேன்னு சொன்னான். துணியப் பாத்து அவன் போகவே இல்ல. போகாத வழிக்கு எங்கேந்துடா திரும்பி வர்றது?" என்றவர், அண்ணனிடம் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் உள்ள வர மாட்டேன். என் கொள்க எனக்கு. வாசல்ல நிப்பேன். பூசை முடிஞ்சதும் அந்தக் கல்லறைக்கு இட்டுகினு போ. எங்க வச்சீங்கன்னு நான் பாக்கணும்."

"இட்டுகினு போறேன்."

"கொயந்தைக்குப் பேரு வைக்காமலே போயிடுச்சில்ல?"

சடையப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகுதான் சொன்னார்.

"வச்சோம். கல்லுல வெட்டணுமே, பேரு இன்னான்னு உபதேசியார் கேட்டாரு. மாநாட்டுக்குக் கௌம்பறப்போ பஸ் படியில நின்னுகினு, பொண்ணுக்குக் கண்ணகின்னு வைண்ணா, வந்து கூப்டறேன்னு சொல்ட்டுப் போனியே. அதத்தான் சொன்னேன். கண்ணகின்னுதான் வெட்டியிருக்கு."

தங்கவேலு பெஞ்சில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். சாயக் கை என்பதை மறந்து கண்ணைத் துடைத்தார். கன்னமெல்லாம் பச்சையாகிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. சடையப்பன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேடியப்பா," என்றார், "இப்ப போடு டீ. ரெண்டு."